கடல் சூழ்ந்த பாறையில் ஒரு போப்

கேள்வி: ஸ்பெயினில் பார்சிலோனாவிலிருந்து வலென்சியாவுக்கு ரயிலில் போகிறோம். வழியில் பெனிஸ்கோலாவையும் பார்க்கச் சொல்கிறார்கள். கடற்கரையை விட்டால் அங்கே என்ன இருக்கிறது? ஒரு போப் அங்கே வாழ்ந்தாராமே, உண்மையா?

பதில்: கண்டிப்பாக இறங்குங்கள், அந்தப் போப்புக்காகவே இறங்கலாம்.

அவர் அங்கே வாழ்ந்தது மட்டுமல்ல, இறந்ததும் அங்கேதான். ரோமில் ஒரு போப், பிரான்சின் அவிஞோனில் இன்னொரு போப் என்று கத்தோலிக்க உலகமே பிளந்து கிடந்த காலம் அது. அவிஞோன் தரப்பு 1394-ல் தேர்ந்தெடுத்தவர் பேத்ரோ தே லூனா. பதவிப் பெயர் பதின்மூன்றாம் பெனடிக்ட், ஊர்க்காரர்களுக்கு இன்றும் பாப்பா லூனா. பிளவு தீர வேண்டும், விலகுங்கள் என்று எல்லாரும் கேட்டார்கள், தாங்கிப் பிடித்த அராகன் நாட்டு (பெனிஸ்கோலா அப்போது அதில்தான் இருந்தது) அரசரே கைவிட்டார், 1417-ல் கான்ஸ்டன்ஸ் நகரில் கூடிய திருச்சபைப் பொதுச்சங்கம் பதவியையே பறித்தது, மனிதர் அசையவில்லை. 1411-லிருந்து பெனிஸ்கோலா கோட்டையில் இருந்தவர், நானே போப் என்று கடைசிவரை அங்கேயே உட்கார்ந்து, புதிதாகக் கார்டினல்களைக்கூட நியமித்து, தொண்ணூறு வயதைத் தாண்டி 1423-ல்தான் கண்ணை மூடினார். ரோம் அவரைக் கணக்கில் சேர்க்கவில்லை, அதனால்தான் 1724-ல் வந்த போப்பும் அதே பதின்மூன்றாம் பெனடிக்ட் என்ற பெயரை வைத்துக்கொள்ள முடிந்தது. இவ்வளவு பிடிவாதத்தை வேறெந்த வரலாற்றிலும் நான் படித்ததில்லை.

கோட்டை அவர் கட்டியதல்ல. டெம்ப்ளர் வீரத்துறவிகள் 1294-க்கும் 1307-க்கும் இடையில் கட்டியது, கட்டி முடித்த சில ஆண்டுகளிலேயே அவர்கள் சங்கம் கலைக்கப்பட்டது. கடலுக்குள் நீண்ட பாறை, கரையோடு சேர்ப்பது ஒரு மணல்திட்டு மட்டும். முன்பு அலை ஏறினால் அதுவும் மூழ்கிவிடும். அந்த இடத்தை மேலிருந்து பார்த்தால், இவரை ஏன் யாராலும் வெளியேற்ற முடியவில்லை என்று தானாகவே புரியும். சுற்றியுள்ள மதில்களில் பெரும்பகுதி ஸ்பெயின் அரசர் இரண்டாம் பிலிப் காலத்தில் எழுப்பியது.

அப்புறம், வீடுகளுக்கு நடுவில் எல் புஃபடோர் என்று பாறையில் ஒரு துளை இருக்கிறது. கடல் கொந்தளிக்கும் நாளில் அதன் வழியே அலை உறுமிக்கொண்டு மேலே பீறிடும், தவறவிடாதீர்கள். வடக்குக் கடற்கரை நீளமானது, நல்ல மணல், ஆனால் ஆகஸ்டில் கூட்டம் தாங்காது. அமைதி வேண்டுமென்றால் தெற்கே இர்த்தா மலைப் பூங்காவின் ஓரமாக நடந்து போங்கள்.

ரயில் நிலையம் பக்கத்து ஊரான பெனிகார்லோவில் இருக்கிறது, அங்கிருந்து பஸ்ஸோ டாக்ஸியோ பிடிக்க வேண்டும். பழைய ஊர் முழுக்க கல் பாவிய ஏற்றம்தான், செருப்பைப் பார்த்துப் போட்டுக்கொள்ளுங்கள்.