கண்டுபிடிப்புப் படிவம்: திருப்பி அனுப்பப்படாமல் இருக்க

காப்புரிமைக்கு விண்ணப்பிக்கும் முன் பல்கலைக்கழகங்கள் ஆய்வாளர்களிடம் வாங்கும் கண்டுபிடிப்பு அறிவிப்புப் படிவம் பற்றி வாசகர்கள் கேட்டவை.

கேள்வி: குடிநீரிலிருந்து புளோரைடை நீக்கும் களிமண் – அலுமினா மணிகள் செய்திருக்கிறேன். படிவத்தில் கட்டுரைச் சுருக்கத்தை அப்படியே ஒட்டிக் கொடுத்தேன். 'புதுமை விளங்கவில்லை' என்று திருப்பிவிட்டார்கள். என்னதான் எழுதுவது? (ஆய்வு மாணவி, தருமபுரி)

உங்கள் மணி நன்றாக வேலை செய்கிறது என்று கட்டுரைச் சுருக்கம் சொல்லும். படிவத்தைப் படிக்கும் காப்புரிமை முகவருக்கோ, ஏற்கெனவே இருப்பதிலிருந்து அது எங்கே விலகுகிறது என்பது வேண்டும். 'மலிவான, சூழலுக்கு உகந்த புதிய மணிகள்' என்ற வரியை வைத்துக்கொண்டு அவர் ஒன்றும் செய்ய முடியாது.

புளோரைடு நீக்க அலுமினா பல பத்தாண்டுகளாகப் பயன்படுகிறது. தண்ணீர் காரமாக இருந்தால் அதன் உறிஞ்சுதிறன் குறையும் என்பது தெரிந்த குறை. உங்கள் மணி பி.எச். 8-லும் தாக்குப்பிடிக்கிறது என்றால், முதல் வரியே அதுதான். கூடவே என்ன விகிதம், எத்தனை டிகிரியில் எவ்வளவு நேரம் சுட்டது, மணியின் விட்டம், லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் புளோரைடு எவ்வளவாகக் குறைந்தது என எல்லாம் வரட்டும்.

எண்ணை ஒற்றையாகக் கொடுக்காதீர்கள். 450 டிகிரி என்று மட்டும் எழுதினால் அடுத்தவர் 480-ல் சுட்டு நழுவிவிடுவார். 400 முதல் 500 வரை சரியாக வந்ததா? 350-ல் மணி உதிர்ந்ததா? தோற்றுப்போன சோதனைகளை யாரும் எழுதுவதில்லை. ஆனால் எல்லை எங்கே இருக்கிறது என்று காட்டுபவை அவைதான்.

உங்களுடையது கலவை என்பதால் இன்னொரு பொறியும் உண்டு. சேர்க்கப்பட்ட பொருள்களின் குணங்கள் வெறுமனே ஒன்றுகூடினால் அது கண்டுபிடிப்பாகாது என்கிறது காப்புரிமைச் சட்டம், 1970-இன் பிரிவு 3(e). களிமண் தனியாக, அலுமினா தனியாக, இரண்டும் சேர்ந்து என மூன்றையும் ஒரே நீரில் சோதித்து அட்டவணையாகக் கொடுங்கள். சேர்ந்தது, தனித்தனிப் பலன்களின் கூட்டலை மிஞ்ச வேண்டும்.

எஸ்பாஸ்நெட், கூகுள் பேடன்ட்ஸ், இந்தியக் காப்புரிமை அலுவலகத்தின் இன்பாஸ் என்ற மூன்று காப்புரிமைத் தேடல் தளங்களிலும் தேடி, மிக நெருங்கிய நான்கைந்தைக் குறித்து, ஒவ்வொன்றிலிருந்தும் உங்களுடையது வேறுபடுவதை ஒரு வரியில் எழுதினால் போதும். உங்கள் கைடின் பழைய கட்டுரைகளை விட்டுவிடாதீர்கள்! காப்புரிமை அலுவலகப் பரிசோதகர் கண்ணில் முதலில் படுவது அநேகமாக அதுதான்.

கேள்வி: போன மாதம் ஒரு கல்லூரிக் கருத்தரங்கில் போஸ்டர் வைத்துவிட்டேன். விண்ணப்பிக்கும் முன்பே வெளியே காட்டியதால் இனி காப்புரிமைக்கு வாய்ப்பே இல்லையா? (ஆய்வு மாணவர், மதுரை)

எதைக் காட்டினீர்கள் என்பதைப் பொறுத்தது. முடிவுகளை மட்டும் போட்டு, செய்முறையைச் சொல்லாமல் விட்டிருந்தால் வழி இருக்கலாம். கற்றறிந்த சங்கத்தின் முன் கண்டுபிடிப்பாளரே கட்டுரை வாசித்தது போன்ற சில நிலைகளுக்கு மட்டும் அதே சட்டத்தின் பிரிவு 31, வெளியிட்ட பிறகும் விண்ணப்பிக்க 12 மாதச் சலுகை தருகிறது. எல்லாக் கல்லூரிக் கருத்தரங்கும் அதில் அடங்கும் என்று நம்ப வேண்டாம். அமெரிக்காவில் ஓராண்டு அவகாசம் உண்டு. ஐரோப்பாவில் அப்படி ஒரு பொது அவகாசம் கிடையாது.

தேதி, போஸ்டரின் பிரதி, அச்சான சுருக்கம் மூன்றையும் படிவத்தோடு இணையுங்கள். மறைத்தால் பின்னால் வெடிக்கும். ஆய்வேடு சோத்கங்கா என்ற இணைய ஆய்வேட்டுக் களஞ்சியத்தில் ஏறுமுன் தற்காலிக விண்ணப்பமாவது போட்டுவிட வேண்டும். கல்வி நிறுவனத்துக்கு இணையவழி அடிப்படைக் கட்டணம் 1,600 ரூபாய்தான். முழு விவரணத்தை 12 மாதத்துக்குள் தர வேண்டும். தற்காலிக விண்ணப்பத்தில் எழுதாத எதற்கும் அந்த விண்ணப்பத்தின் தேதி கிடைக்காது. அரைப்பக்கத்தில் முடித்துவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள்.

கேள்வி: துறைத்தலைவர் பெயரையும், எக்ஸ்.ஆர்.டி. (எக்ஸ் கதிர் விளிம்பு விலகல் சோதனை) எடுத்துக் கொடுத்த நண்பர் பெயரையும் சேர்க்க வேண்டுமா? (ஆய்வு மாணவர், கோவை)

கட்டுரையின் ஆசிரியர் பட்டியல் வேறு, கண்டுபிடிப்பாளர் பட்டியல் வேறு. யோசனைக்கு வடிவம் தந்தவர்தான் கண்டுபிடிப்பாளர். சொன்னபடி கருவியை இயக்கியவர் வரமாட்டார். பதவிக்காக யாரும் வரமாட்டார்கள். சங்கடமான பேச்சுதான். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே 'இவர் பங்கு' என்று ஒரு வரி எழுதச் சொன்னால் பாதிச் சிக்கல் தானே தீரும். படிப்பு முடித்துப் போகப்போகும் மாணவரின் நிரந்தர முகவரியையும் இப்போதே வாங்கிவையுங்கள். இல்லாவிட்டால் பிறகு கையெழுத்துக்காகத் தேடி அலைய நேரும்.

கேள்வி: ஒரு நிறுவனம் நிதி தந்தது. ஜெர்மனியில் ஒரு கூட்டாளியும் இருக்கிறார். இதையெல்லாம் சொல்ல வேண்டுமா? (பேராசிரியர், திருச்சி)

கட்டாயம். உரிமை யாருக்கு என்பது அந்த ஒப்பந்தத்தில்தான் இருக்கும், பிரதியை இணையுங்கள். இந்தியாவில் வசிப்பவர் அனுமதி பெறாமல் முதல் விண்ணப்பத்தை வெளிநாட்டில் போட முடியாது. பிரிவு 39-இன்படி இங்கே விண்ணப்பித்து 6 வாரம் காத்திருக்க வேண்டும், அல்லது படிவம் 25-இல் அனுமதி வாங்க வேண்டும். ஜெர்மன் கூட்டாளி அவசரப்பட்டு அங்கே விண்ணப்பிக்குமுன் இதைச் சொல்லிவிடுங்கள்.