எண்ணெயும் கல்லீரல் மரபணுவும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: சாப்பிடும் எண்ணெய் நம் மரபணுவையே மாற்றிவிடும் என்கிறார்களே, உண்மையா?

மரபணுவின் எழுத்து மாறாது. எந்த மரபணு எவ்வளவு மும்முரமாக வேலை செய்கிறது என்பதுதான் மாறும். கல்லீரலில் அது ஒரு வேளைச் சாப்பாட்டுக்கும் அடுத்த வேளைக்கும் நடுவிலேயே ஏறி இறங்கும்.

கேள்வி: எண்ணெயை அடியோடு நிறுத்திவிட்டேன். ஆனாலும் ஸ்கேனில் கல்லீரலில் கொழுப்பு என்று வருகிறது. எப்படி?

இந்தக் கேள்வி எனக்கு அடிக்கடி வருகிறது. கல்லீரலில் படியும் கொழுப்பு எல்லாம் தட்டிலிருந்து வருவதில்லை. கொழுப்புக் கல்லீரல் உள்ள சிலரிடம் அமெரிக்காவில் செய்து 2005-இல் வெளியான ஆய்வில், உணவுக் கொழுப்பின் பங்கு 15 சதவீதம்தான். 59 சதவீதம் உடம்பில் ஏற்கெனவே சேர்ந்த கொழுப்பு கரைந்து வந்தது. மீதி 26 சதவீதத்தைக் கல்லீரலே தயாரித்திருந்தது.

அந்தத் தயாரிப்புக்கு மூலப்பொருள் பெரும்பாலும் மாவுச்சத்தும் சர்க்கரையும். சோறு, ஜூஸ், சர்க்கரை போட்ட காபி என்று உள்ளே போனதும் இன்சுலின் ஏறுகிறது. அது எஸ்.ஆர்.இ.பி.பி-1சி என்ற புரதத்தைத் தூண்டுகிறது. அந்தப் புரதம் செல்லின் கருவுக்குள் போய், கொழுப்பு தயாரிக்கும் நொதிகளின் மரபணுக்களை முடுக்கிவிடுகிறது.

அப்புறம் இன்னொன்று. மீனிலும் சில விதை எண்ணெய்களிலும் உள்ள பல்நிறைவுறாக் கொழுப்பு அமிலங்கள் இதே எஸ்.ஆர்.இ.பி.பி-1சி-யை அடக்குகின்றன. எண்ணெயை முழுக்க விட்டுவிட்டு அந்த இடத்தைச் சோற்றால் நிரப்பினால், தூண்டுவதைக் கூட்டி, அடக்குவதைக் குறைத்ததாகிவிடும். முதலில் சர்க்கரையையும் சோற்றின் அளவையும் குறையுங்கள். எண்ணெய் அளவோடு இருக்கட்டும்.

கேள்வி: தேங்காய் எண்ணெய் கல்லீரலுக்கு நல்லதா, கெட்டதா?

அளவைப் பொறுத்தது. பின்லாந்தில் உடல் பருமன் கொண்ட 38 பேருக்கு மூன்று வாரம் தினமும் 1000 கலோரி கூடுதலாகக் கொடுத்துப் பார்த்தார்கள் (2018-இல் வெளியானது). தேங்காய் எண்ணெய், வெண்ணெய், சீஸ் என்று நிறைவுற்ற கொழுப்பாகச் சாப்பிட்டவர்களுக்குக் கல்லீரல் கொழுப்பு 55 சதவீதம் ஏறியது. சர்க்கரையாகச் சாப்பிட்டவர்களுக்கு 33, ஆலிவ் எண்ணெய், கொட்டைகள் சாப்பிட்டவர்களுக்கு 15. கலோரி ஒன்றுதான், கல்லீரலின் பதில் வேறு. தினமும் 1000 கலோரி மிகையாகத் தின்றவர்களின் கணக்கு இது, பொரியலில் தாளிக்கும் ஒரு ஸ்பூனுக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் எல்.டி.எல். என்ற கெட்ட கொலஸ்ட்ரால் ஏற்கெனவே அதிகம் என்றால் தேங்காய் எண்ணெயைத் தினசரி எண்ணெயாக வைத்துக்கொள்ள நான் சொல்லமாட்டேன். நிறைவுற்ற கொழுப்பு கூடும்போது, ரத்தத்திலிருந்து எல்.டி.எல்.-ஐ இழுத்துக்கொள்ளும் ஏற்பிகள் கல்லீரலில் குறைகின்றன.

கேள்வி: ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்புக்கு ஃபீனோஃபைப்ரேட் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். அதற்கும் மரபணுவுக்கும் தொடர்பு உண்டா?

நேரடித் தொடர்பு. கல்லீரல் செல்லுக்குள் பி.பி.ஏ.ஆர்-ஆல்பா என்று ஒரு புரதம் உண்டு. எலியில் 1990-இல் கண்டுபிடித்தார்கள். பட்டினி நேரத்தில் உடம்புக் கொழுப்பு கரைந்து கல்லீரலுக்கு வரும்போது, கொழுப்பு அமிலங்களே இதனுடன் ஒட்டிக்கொண்டு கொழுப்பை எரிக்கும் மரபணுக்களைக் கிளப்புகின்றன. உங்கள் மாத்திரை கிளப்புவதும் இதே புரதத்தைத்தான்.

கேள்வி: மீன் எண்ணெய் மாத்திரை போடலாமா?

வாரம் இரண்டு முறை மத்தியோ கானாங்கெளுத்தியோ குழம்பு வைத்துச் சாப்பிடுங்கள், பெரும்பாலோருக்கு அது போதும். ட்ரைகிளிசரைடு மிக அதிகமாக இருப்பவர்களுக்கு டாக்டர்கள் எழுதும் ஒமேகா-3 (மீன் எண்ணெயில் உள்ள கொழுப்பு அமிலம்) அளவு தினம் 4 கிராம் வரை போகும். அந்த அளவை நீங்களாக ஆரம்பிக்காதீர்கள். இதயத் துடிப்பு ஒழுங்கு தவறும் அபாயம் அதில் கொஞ்சம் கூடுகிறது.