பழைய காருக்கு எந்த ஜாக்கி? கேள்வி பதில்

பழைய கார் வைத்திருப்பவர்கள் பஞ்சருக்கான ஜாக்கி பற்றிக் கேட்டிருந்தவற்றுக்குப் பதில் சொல்கிறேன். நான் நாள் முழுக்கப் பார்ப்பது அம்பாசடர், பத்மினி, மாருதி 800 மாதிரியான வண்டிகளைத்தான். மற்றவற்றுக்குச் சுருக்கமாகத்தான் சொல்ல முடியும்.

அம்பாசடர், மதுரை: வண்டியோடு இருந்த ஜாக்கி தொலைந்துவிட்டது. 2 டன் போதுமா, 5 டன் வாங்கிவிடட்டுமா சார்?

2 டன் தாராளம். அம்பாசடரின் மொத்த எடையே சுமார் 1,150 கிலோதான். ஒரு சக்கரத்தை மட்டும் தூக்கும்போது ஜாக்கியின் மேல் வருவது அதில் கால் பங்கு, அதிகம் போனால் மூன்றில் ஒரு பங்கு. டன்னைப் பற்றிக் கவலைப்படவே வேண்டாம்.

பார்க்க வேண்டியது உயரம். ஜாக்கியை முழுக்க இறக்கி வைத்தால் எவ்வளவு உயரம், முழுக்க ஏற்றினால் எவ்வளவு உயரம் என்று இரண்டையும் கேளுங்கள். 2 டன் பாட்டில் ஜாக்கி (எண்ணெய் அழுத்தத்தில் நேராக மேலே ஏறும், பாட்டில் வடிவ ஜாக்கி) இறங்கிய நிலையில் பெரும்பாலும் 15 முதல் 18 செ.மீ. இருக்கும். டன் கூடக் கூட இந்த உயரமும் கூடும். அதிக டன் வாங்கினால் அதிகப் பாதுகாப்பு என்று நினைத்து வாங்கியவர்கள், காற்று இறங்கிப் படுத்த வண்டிக்கு அடியில் அது நுழையாமல் நடுரோட்டில் நிற்கிறார்கள்.

உங்கள் வண்டியில் பின்பக்கம் ஆக்ஸிலுக்கு (இரண்டு பின்சக்கரத்தையும் இணைக்கும் குறுக்குக் குழாய்) அடியில், லீஃப் ஸ்பிரிங்கை (அடுக்கிய இரும்புப் பட்டைகள்) யு-போல்ட் (U வடிவ போல்ட்) போட்டுப் பிடித்திருக்கும் தகட்டில் வையுங்கள். பாடியைத் தூக்கினால் முதலில் ஸ்பிரிங் நீளும், சக்கரம் கீழேயே தொங்கும். பல அங்குலம் தூக்கிய பிறகுதான் டயர் தரையை விடும். ஆக்ஸிலைத் தூக்கினால் சக்கரமும் கூடவே வந்துவிடும். முன்பக்கத்துக்கு, சக்கரத்துக்குப் பின்னால் ஓடும் சேசிஸ் மெம்பரில் (வண்டியைத் தாங்கும் அடிச்சட்டத்தில்), இடையில் ஒரு மரத்துண்டு கொடுத்து வையுங்கள். இன்ஜினுக்கு அடியில் உள்ள ஆயில் சம்ப்பில் (எண்ணெய்த் தொட்டியில்) மட்டும் வைத்துவிடாதீர்கள்.

வாங்குவதற்கு முன் வீட்டு வாசலில் ஒரு சக்கரத்தின் காற்றை முழுக்க இறக்கிவிட்டு, ஜாக்கி வைக்கும் இடத்துக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியை டேப் பிடித்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். நல்ல டயரோடு அளந்தால் அந்த அளவு உதவாது. அந்தக் காகிதத்தோடு கடைக்குப் போங்கள்.

மாருதி 800, திருச்சி: கடையில் 2 டன் பாட்டில் ஜாக்கி கொடுத்தார்கள். பஞ்சரான அன்று அடியில் நுழையவே இல்லை. ஜாக்கியில் கோளாறா?

ஜாக்கி சரிதான், வண்டிக்குத்தான் அது ஆகாது. 12 அங்குல சக்கரம், தாழ்ந்த பாடி. அதற்குக் கத்தரி ஜாக்கிதான் (திருகைச் சுற்றினால் கத்தரி மாதிரி விரிந்து ஏறுவது) சரி. மடக்கினால் 10 செ.மீ. அளவுக்கு அடங்கிவிடும். பக்கவாட்டின் அடியில் நீளமாக ஓடும் வெல்டிங் விளிம்பில், ஜாக்கி வைக்க அடையாளம் போட்ட இடத்தில், ஜாக்கித் தலையின் பள்ளம் அந்த விளிம்பைக் கவ்வுகிற மாதிரி வைக்க வேண்டும். கத்தரி ஜாக்கி அடிமட்டத்தில் இருக்கும்போதுதான் சுற்றுவது மிகக் கடினம், கொஞ்சம் ஏறிவிட்டால் இலகுவாகும். அதனால் திருகில் வருடத்துக்கு ஒருமுறை கிரீஸ் தடவி வையுங்கள்.

அவசரத்துக்கு வேறு ஜாக்கி இல்லையென்றால், படுத்த சக்கரத்தை ஒரு தடித்த பலகைமேல் மெதுவாக ஏற்றி நிறுத்துங்கள். ஒன்றரை, இரண்டு அங்குலம் இடைவெளி கிடைக்கும்.

மாருதி ஆம்னி, சேலம்: எத்தனை டன் வேண்டும்?

மேலே சொல்லியாயிற்று. டன் அல்ல, உயரம்.

பத்மினி, நாகப்பட்டினம்: ஜாக்கி ஏற்றும்போது கதவுக்குக் கீழே உள்ள பகுதி ‘கறக்’ என்று சத்தம் போட்டு உள்ளே போய்விட்டது. கதவும் இப்போது சரியாக மூடவில்லை.

கடலோர ஊர், பழைய பாடி. உள்ளிருந்தே துரு தின்றிருக்கும். வெளியே பட்டி (பள்ளத்தை நிரப்பும் பூச்சு) பார்த்து, பெயின்ட் அடித்து, பார்க்கப் பளபளவென்று இருக்கும். எடை வந்ததும் அப்பளமாக நொறுங்கிவிடும். ஸ்குரூ டிரைவரின் கைப்பிடியால் அந்த விளிம்பு நெடுகத் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல தகடு கணீரென்று சொல்லும். பட்டி நிரப்பிய இடம் மொத்தென்று இருக்கும். காந்தம் ஒட்டுகிறதா என்றும் பாருங்கள். கதவு மூடவில்லை என்றால் பாடி தொய்ந்திருக்கிறது. வெல்டிங் வேலை முடியும்வரை அந்தப் பக்கம் ஜாக்கியே வைக்காதீர்கள். இனிப் பின்பக்கத்தை, அம்பாசடருக்குச் சொன்ன மாதிரி ஆக்ஸிலின் யு-போல்ட் தகட்டில் வைத்துத்தான் தூக்க வேண்டும். உங்களுக்குப் பாட்டில் ஜாக்கிதான்.

கான்டெசா, கோயம்புத்தூர்: இதை ஏற்க முடியாது. ஆக்ஸில் உருண்டைக் குழாய். பாட்டில் ஜாக்கியின் சின்னத் தலை அதில் நழுவும். கம்பெனி சொன்ன இடத்தில் வைப்பதுதான் முறை. நான் இத்தனை வருடமாக அப்படித்தான் செய்கிறேன்.

நழுவும் என்பது நியாயமான பயம். அதனால்தான் குழாயில் என்று சொல்லவில்லை, யு-போல்ட் தகட்டில் என்று சொன்னேன். அது தட்டை. கம்பெனி சொன்ன இடமும் சரிதான், தகடு கெட்டியாக இருக்கும்வரை. கோயம்புத்தூரில் இருக்கும் உங்கள் வண்டிக்கு அது பொருந்தும். உப்புக்காற்றில் நிற்கும் வண்டிக்குக் கம்பெனி போட்ட அடையாளம் இருக்கும், அதன் பின்னால் இரும்பு இருக்காது.

கான்டெசா, கோயம்புத்தூர்: சரி, தகடு என்றே வைத்துக்கொள்வோம். யு-போல்டின் முனைகள் நீட்டிக்கொண்டிருக்குமே? தலை எங்கே சமமாக உட்காரும்?

நல்ல கேள்வி. சில வண்டிகளில் நட்டுக்குக் கீழே அரை அங்குலம் நீட்டிக்கொண்டிருக்கும். நான்கு முனைகளுக்கும் நடுவில் ஜாக்கித் தலை அடங்குகிறதா என்று வீட்டிலேயே வைத்துப் பாருங்கள். அடங்காவிட்டால், தகட்டை ஒட்டி உள்பக்கம் ஆக்ஸில் குழாயில் வைக்கலாம். ஆனால் அதற்கு வளைவான பள்ளம் உள்ள தலை வேண்டும். தட்டைத் தலையைக் குழாயில் வைக்கக் கூடாது என்பதில் உங்களோடு முழுக்க ஒத்துப்போகிறேன்.

பத்மினி, நாகப்பட்டினம்: ஐயா, நடுவில் உருண்டையாக இருக்கும் டிஃபரன்ஷியலில் வைத்தால்? ஒரேயடியாக இரண்டு பக்கமும் ஏறுமே?

பஞ்சருக்கு வேண்டவே வேண்டாம். இரண்டு பின்சக்கரமும் தரையை விட்டால் ஹேண்ட் பிரேக் எதைப் பிடிக்கும்?

இதை எல்லோருமே கவனியுங்கள். அம்பாசடர், பத்மினி, கான்டெசா மூன்றும் பின்சக்கரத்தால் ஓடுபவை. ஹேண்ட் பிரேக்கும் பின்சக்கரத்தில்தான். ஒரு பின்சக்கரத்தைத் தூக்கினாலே கியர் போட்டு வைத்ததில் பயன் இல்லை. இரண்டு பக்கச் சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃபரன்ஷியல் இருப்பதால் தூக்கிய சக்கரம் சும்மா சுற்றும், தரையில் உள்ளதும் உருளும். மிச்சம் இருப்பது அந்த ஒரு சக்கரத்தின் ஹேண்ட் பிரேக் மட்டும். பழைய வண்டியில் அந்த கேபிள் எவ்வளவு தொய்ந்திருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். அதனால் முன்சக்கரம் இரண்டுக்கும், முன்னும் பின்னும் கட்டை போடாமல் ஜாக்கியைத் தொடாதீர்கள். ரோட்டோரத்தில் கிடக்கும் உருண்டைக் கல்லை நம்பாதீர்கள். சாய்வாக அறுத்த மரக்கட்டைகளை டிக்கியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

அம்பாசடர், தஞ்சாவூர்: 5 டன் நல்லதா?

முதல் பதிலைப் படியுங்கள்.

பத்மினி, நாமக்கல்: வீட்டில் பழைய லாரி ஜாக்கி ஒன்று சும்மா கிடக்கிறது. அதையே வைத்துக்கொள்ளலாமா அண்ணே?

காருக்கு அடியில் நுழையாது தம்பி. லாரிக்காரருக்குக் கொடுத்துவிடுங்கள்.

மாருதி 800, சென்னை: சிகரெட் லைட்டரில் செருகும் மின்சார ஜாக்கி எப்படி? எனக்கு எழுபது வயது. குனிந்து சுற்ற முடியவில்லை.

உங்கள் நிலைமை புரிகிறது சார். மின்சார ஜாக்கி 10 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். பழைய வயரிங்கில் லைட்டர் சாக்கெட் சூடாகும், ஃபியூஸ் போகும். கிளிப் மாட்டி நேரடியாக பேட்டரியில் எடுக்கும் வகை என்றால் பரவாயில்லை. அதைவிட, இறங்கிய உயரம் 13 செ.மீ. உள்ள சின்ன ட்ராலி ஜாக்கி (சக்கரம் வைத்து, தரையில் உருட்டித் தள்ளும் வகை) நல்லது. கூடவே ஒரு பலகை. நின்றபடியே நீளக் கைப்பிடியை அடிக்கலாம். பத்து கிலோ வரை இருக்கும், டிக்கியிலிருந்து தூக்க முடியுமா என்று கடையிலேயே தூக்கிப் பாருங்கள். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் நான்கைந்து கடை ஏறி இறங்கினால் கிடைக்கும். புதுப்பேட்டையில் பழசு வாங்குவதானால், எடை ஏற்றிக் கால் மணி நேரம் நிறுத்தி, இறங்குகிறதா என்று பார்த்த பிறகு காசு கொடுங்கள்.

நட்டை வண்டி தரையில் இருக்கும்போதே அரைச்சுற்று தளர்த்த வேண்டும். அதற்கு வண்டியோடு வந்த குட்டை ஸ்பேனரை விட்டுவிட்டு, நீளமான வீல் ஸ்பேனர் ஒன்று வாங்குங்கள். வயதானவர்கள் திணறுவது பெரும்பாலும் இதில்தான்.

மாருதி ஜென், ஈரோடு: டியூப்லெஸ் போட்டு, பஞ்சர் கிட்டும் காற்று பம்பும் வைத்துக்கொண்டால் ஜாக்கியே வேண்டாமே?

ஆணி என்றால் வேண்டாம். டயரின் பக்கச் சுவர் கிழிந்தால் வேண்டும். குழியில் விழுந்து ரிம் வளைந்தாலும் வேண்டும்.

பென்ஸ் டபிள்யூ 124, புதுச்சேரி: பக்கவாட்டில் ரப்பர் மூடி போட்ட ஓட்டை இருக்கிறது. அதில் எந்த ஜாக்கி?

அது அந்த வண்டிக்கே செய்த செருகும் ஜாக்கிக்கான இடம். வேறு எதையும் செருகாதீர்கள். அந்த ஓட்டைக்குள்ளும் துரு பார்க்க வேண்டும். மேற்கொண்டு அந்த வண்டியில் பழகிய மெக்கானிக்கைக் கேளுங்கள்.

அம்பாசடர், திருநெல்வேலி: ஏற்றிய பிறகு அடியில் படுத்து சைலன்சர் கிளாம்ப்பையும் முடுக்கிவிடலாமா?

கூடாது. ஆக்ஸில் ஸ்டாண்டு (தூக்கிய வண்டியைத் தாங்கி நிற்கும் இரும்புத் தாங்கி) இல்லாமல் கையைக்கூட உள்ளே விடாதீர்கள். சக்கரம் மாற்றும்போது முதலில் ஸ்டெப்னியைப் பாடிக்கு அடியில் படுக்க வையுங்கள். பஞ்சரான சக்கரத்தைக் கழற்றியதும் அதை உள்ளே தள்ளி, ஸ்டெப்னியை எடுத்து மாட்டுங்கள். ஜாக்கி சரிந்தாலும் வண்டி சக்கரத்தின் மேல் உட்காரும்.

பத்மினி, வேலூர்: பாட்டில் ஜாக்கி டிக்கியில் எண்ணெய் ஒழுகுகிறது. இப்போது முழு உயரத்துக்கும் ஏற மறுக்கிறது. பிரேக் ஆயில் ஊற்றலாமா?

பிரேக் ஆயில் ஊற்றினால் உள்ளே இருக்கும் சீல் உப்பிப் போய்விடும். ஹைட்ராலிக் ஜாக் ஆயில் என்று கேட்டு வாங்குங்கள். ஜாக்கியை முழுக்க இறக்கி, பக்கத்தில் உள்ள ரப்பர் மூடியைக் கழற்றி, ஓட்டையின் விளிம்புவரை ஊற்றுங்கள். பிறகு ரிலீஸ் வால்வைத் (ஜாக்கியை இறக்கத் திருகுவது) திறந்து வைத்து, எடை இல்லாமல் பத்துப் பதினைந்து தடவை அடித்தால் உள்ளே சிக்கிய காற்று வெளியேறும். படுக்க வைத்ததால்தான் ஒழுகியிருக்கும். டிக்கி மூலையில் நிமிர்த்தி வைத்து, ரப்பர் பட்டையால் கட்டுங்கள்.