வாசகர் கேள்வி – பதில்: மிதக்கும் பிரிட்ஜும் நில்லாத சுருதியும்

கேள்வி: ஐயா, என் எலெக்ட்ரிக் கிட்டாரில் ஃபிளாய்ட் ரோஸ் வகை மிதக்கும் ட்ரெமோலோ பிரிட்ஜ் (தந்திகளைத் தாங்கி, கைப்பிடியால் அசைத்துச் சுருதியை ஏற்றி இறக்க உதவும் பாகம்) உள்ளது. ஒரு தந்தியை விரலால் பக்கவாட்டில் இழுத்து வாசித்தால், உடன் ஒலிக்கும் மற்றத் தந்திகளின் சுருதி இறங்கிவிடுகிறது. அண்மையில் மேடையில் ஒரு தந்தி அறுந்ததும் மீதி ஐந்தும் சுருதி ஏறிப் போய், பாட்டையே நிறுத்த வேண்டியதாயிற்று. ட்ரெமோலோ கைப்பிடியை நான் கீழ்நோக்கி அழுத்துவதற்கு மட்டுமே பயன்படுத்துகிறேன். பிரிட்ஜை மாற்றாமல் இதைச் சரிசெய்ய இயலுமா?

பதில்: இயலும். உங்கள் கிட்டாரில் பழுது ஏதும் இல்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மிதக்கும் பிரிட்ஜ் என்பது ஒரு தராசு. ஒரு பக்கம் ஆறு தந்திகளும் பிரிட்ஜைக் கழுத்தை நோக்கி இழுக்கின்றன. மறுபக்கம், கிட்டாரின் பின்புறக் குழிக்குள் உள்ள ஸ்பிரிங்குகள் பிரிட்ஜின் அடியில் தொங்கும் உலோகக் கட்டையைப் பற்றி இழுத்து அதை ஈடுகட்டுகின்றன. ஒரு தந்தியை இழுத்து வாசிக்கும்போது தந்திகளின் பக்கம் கனம் கூடி, பிரிட்ஜ் முன்னால் சாய்கிறது. அதனால் மற்றத் தந்திகள் தளர்ந்து சுருதி இறங்குகின்றன. தந்தி அறுந்தால் ஸ்பிரிங்குகளின் பக்கம் ஓங்கி, மிஞ்சிய ஐந்தும் விறைத்துக்கொள்கின்றன.

மேல்நோக்கி இழுக்கும் வித்தை உங்களுக்குத் தேவையில்லை என்பதால், தராசின் ஒரு பக்கத்துக்கு மட்டும் தடை வைத்தால் போதும். ராக் கிட்டார் கலைஞர் எட்டி வான் ஹேலன் தம் பிரிட்ஜைக் கிட்டாரின் உடலோடு படியவைத்து, கீழ்நோக்கி மட்டுமே இயங்கும்படி அமைத்துக்கொண்டவர். இன்னொரு கலைஞரான எரிக் கிளாப்டனோ தம் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரின் ட்ரெமோலோ அறவே அசையாதபடி மரக்கட்டை செருகிவைத்தார். உங்களுக்கு வான் ஹேலனின் வழியே பொருந்தும். ஆனால் பிரிட்ஜைத் தாழ்த்தாமல், பின்புறக் குழியில் ஒரு மரத்துண்டை வைத்து அதே பயனைப் பெறலாம்.

தடை வைப்பதற்கு முன் தராசு நேராக இருக்க வேண்டும். இதைத்தான் பலர் அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள். பின்மூடியைக் கழற்றுங்கள்; நட்டின் (கழுத்தின் தலைப்பக்க முனையில் தந்திகள் படிந்து செல்லும் பாகம்) பூட்டுகளைத் தளர்த்துங்கள்; பிரிட்ஜின் நுண் சுருதித் திருகுகளை நடுநிலைக்குக் கொண்டுவாருங்கள். உலோகக் கட்டைக்கும், கிட்டாரின் அடிப்பகுதியை நோக்கிய குழிச் சுவருக்கும் இடையே ஒரு தற்காலிக ஆப்பைச் செருகி, பிரிட்ஜின் தகடு கிட்டாரின் மேற்பரப்புக்கு இணையாக நிற்கும்படி செய்யுங்கள். அந்த நிலையில் ஆறு தந்திகளுக்கும் சுருதி சேர்த்துவிட்டு, ஸ்பிரிங்குகள் மாட்டியுள்ள தகட்டின் இரண்டு ஸ்க்ரூக்களையும் மாறி மாறிக் கால் சுற்று வீதம் முறுக்கிக்கொண்டே வாருங்கள். ஏதோ ஒரு கட்டத்தில் ஆப்பு பிடி விட்டுத் தானாகவே கையோடு வந்துவிடும். தந்திகளின் இழுப்பும் ஸ்பிரிங்குகளின் இழுப்பும் சமமான நிலை அதுதான்.

இனி நிரந்தரத் தடை. அதை எதிர்ப்பக்கத்தில், அதாவது உலோகக் கட்டைக்கும் கழுத்தை நோக்கிய குழிச் சுவருக்கும் இடையே வைக்க வேண்டும். கைப்பிடியை அழுத்தும்போது கட்டை கிட்டாரின் அடிப்பகுதிப் பக்கம் ஆடுகிறது. மேலே இழுக்கும்போது கழுத்துப் பக்கம் ஆடுகிறது. இந்தத் திசையை மனத்தில் வாங்கிக்கொள்ளாமல் மரத்தை வெட்டினால், தேவையானதை அடைத்துவிட்டுத் தேவையற்றதைத் திறந்துவைத்தவர் ஆவீர்கள். இடைவெளியை அளந்து, கடினமான மரத்தில் ஒரு துண்டை வெட்டி, உப்புத்தாளால் சிறிது சிறிதாகத் தேய்த்து, விரலால் தள்ளினால் இறுக்கமாக நுழையும் அளவுக்குக் கொண்டுவாருங்கள். பசை வேண்டாம், நாளை மனம் மாறினால் கழற்ற முடிய வேண்டும். நான் முதன்முதலில் இதைச் செய்தபோது மரத்துக்குப் பதிலாக மடித்த அட்டையை வைத்தேன். அது நாளுக்கு நாள் நசுங்க நசுங்க, கட்டை கழுத்துப் பக்கம் நகர்ந்து, ஒவ்வொரு காலையும் ஆறு தந்திகளும் சற்றே சுருதி ஏறியிருக்கக் கண்டேன். காரணம் புரிய ஒரு வாரம் ஆயிற்று.

துண்டு அமர்ந்தபின் அந்த இரண்டு ஸ்க்ரூக்களையும் அரைச் சுற்று கூடுதலாக முறுக்குங்கள். மரம் தாங்கிக்கொள்வதால் ட்யூனரில் முள் அசையக் கூடாது. அசைந்தால் துண்டு தளர்வாக உள்ளது என்று பொருள். பிறகு இரண்டாம் தந்தியை ஒலிக்கவிட்டு, மூன்றாம் தந்தியை ஒரு முழுச் சுரம் இழுத்துப் பாருங்கள். இரண்டாம் தந்தி இறங்கினால் மேலும் கால் சுற்று, இறங்காத வரை. அளவுக்கு மீறி முறுக்கினால் கைப்பிடி கனத்துவிடும். ஆகவே போதுமான இடத்தில் நிறுத்துங்கள்.

கேள்வி: ஸ்பிரிங்குகளை மூன்றிலிருந்து ஐந்தாக்கினாலே போதும் என்கிறார்கள். உண்மையா?

பதில்: பாதி உண்மை. ஐந்து ஸ்பிரிங்குகளை வைத்தும் பிரிட்ஜ் மிதந்தால் தராசு தராசாகவே இருக்கும். அமைப்பு விறைப்பாவதால் தந்தியை இழுக்கும்போது ஏற்படும் இறக்கம் சற்றுக் குறையும், ஆனால் நீங்காது. கைப்பிடியின் மென்மையும் போய்விடும்.

கேள்வி: தந்திகளை 9-42 தொகுப்பிலிருந்து தடிமன் கூடிய 10-46க்கு (மிக மெல்லிய, மிகத் தடித்த தந்திகளின் விட்டம், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) மாற்றியதும் பிரிட்ஜ் முன்னால் எழுந்து நிற்கிறது. ஆறாம் தந்தியை ஈ-யிலிருந்து டி-க்கு இறக்கினால் மற்றவை ஏறுகின்றன. என்ன செய்வது?

பதில்: தந்தியின் அதிரும் நீளம் 25.5 அங்குலமாக உள்ள கிட்டாரில் 9-42 தொகுப்பின் மொத்த இழுவிசை சுமார் 39 கிலோ. 10-46 தொகுப்புக்கு அது சுமார் 47 கிலோ. எட்டு கிலோ கூடியிருக்கிறது. அதற்கேற்ப ஸ்பிரிங் ஸ்க்ரூக்களை முறுக்க வேண்டும், அல்லது ஒரு ஸ்பிரிங்கைக் கூட்ட வேண்டும். பிரிட்ஜ் அமர்ந்துள்ள இரு முளைகளையும் தந்திகள் விறைப்பாக இருக்கும்போது திருக வேண்டாம். பிரிட்ஜின் கத்திமுனைகள் மழுங்கிவிடும், மழுங்கிய முனை பழைய இடத்துக்குத் திரும்பி வராது. டி-க்கு இறக்கும் சிக்கலுக்கு மேலே சொன்ன மரத்துண்டே மருந்து: இழுவிசை குறைந்து ஸ்பிரிங்குகள் ஓங்கினாலும் கட்டை கழுத்துப் பக்கம் நகர வழியில்லாததால், மற்ற ஐந்தும் இருந்த சுருதியிலேயே நிற்கும். நட்டைப் பூட்டிவைத்திருந்தால் இறக்குவதற்கு முன் ஆறாம் தந்தியின் பூட்டைத் தளர்த்திக்கொள்ளுங்கள். நுண் சுருதித் திருகால் அவ்வளவு தூரம் இறங்க முடியாது.