செவ்வாயில் இறங்காமல் போபோஸில் எதற்கு மண் எடுக்கிறார்கள்?

"அவ்வளவு தூரம் போகிற ஜப்பான், செவ்வாயை விட்டுவிட்டு அதன் குட்டி நிலவான போபோஸில் 10 கிராம் மண் எடுத்து வருவதற்கா இத்தனை செலவு?" என்று கேட்டிருக்கிறீர்கள். வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பியதைப் பார்த்துவிட்டு எரிச்சலோடு வந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நான் விஞ்ஞானி இல்லை, பள்ளி இயற்பியல் ஆசிரியர்தான். தெரிந்தவரை சொல்கிறேன்.

செவ்வாயில் இறங்குவதைவிட மறுபடி மேலே ஏறுவதுதான் பெரும்பாடு. அதன் ஈர்ப்பிலிருந்து விடுபட நொடிக்கு 5 கிலோமீட்டர் வேகம் வேண்டும். போபோஸிலிருந்து கிளம்ப நொடிக்கு 11 மீட்டர் போதும், நம்ம டவுன் பஸ் வேகம். "அப்புறமும் செவ்வாயின் ஈர்ப்பைத் தாண்ட வேண்டுமே" என்று யாராவது வருவீர்கள். தெரியும். ஆனால் காற்றுமண்டலம் வழியாக ஒரு ராக்கெட்டை இறக்கி, அதைத் திரும்ப ஏவும் வேலை மிச்சம். தவிர, செவ்வாயில் விண்கற்கள் மோதிச் சிதறிய தூசி போபோஸில் படிந்திருக்கும் என்கிறார்கள். போபோஸ் பிடிபட்ட சிறுகோளா, மோதலில் தெறித்த துண்டுகள் சேர்ந்து உருவானதா என்ற பழைய சண்டையும் அந்த மண்ணைப் பார்த்தால் தீரலாம்.

இந்தக் கேள்விக்கு நான் பதில் எழுத வேறு காரணம் இருக்கிறது. ரஷ்யா இதே வேலைக்கு அனுப்பிய போபோஸ்-குருந்த் கலம் 2011 நவம்பரில் கிளம்பி, பூமியின் சுற்றுப்பாதையைக்கூடத் தாண்டாமல் 2012 ஜனவரியில் பசிபிக்கில் விழுந்தது. அதன் பிறகு நடந்த ஒரு அறிவியல் கண்காட்சியில் என் மாணவி அந்தக் கலத்தையும், களிமண்ணில் கோணல்மாணலாக ஒரு போபோஸையும் செய்து வைத்தாள். நடுவர் வந்தார். "நிலா இப்படியா இருக்கும்? உருண்டையாகச் செய்யத் தெரியாதா?" அவள் பணிவாகத்தான் சொன்னாள்: "நீளவாக்கிலேயே 27 கிலோமீட்டர்தான் சார், உருண்டையாகிற அளவுக்கு ஈர்ப்பு பத்தாது." "எதிர்த்துப் பேசாதே. விழுந்துபோன கலத்துக்கு மாடல் வேறயா?" என்று நகர்ந்துவிட்டார். பரிசு யாருக்கு? சோடா உப்பும் வினிகரும் ஊற்றிப் பொங்கவிட்ட எரிமலைக்கு!

மாணவிக்காகச் சாய்ந்து பேசுகிறேன் என்பீர்கள். இருக்கட்டும். தோற்ற முயற்சியைக் குழந்தைகள் படிக்கக் கூடாதா? நீங்கள் கேட்ட, போபோஸில் மண் எடுக்கப் போகும் ஜப்பானின் எம்.எம்.எக்ஸ் கலமே 2024இல் போயிருக்க வேண்டியது. அதைச் சுமந்துபோக வேண்டிய எச்3 ரக ராக்கெட் 2023இல் தன் முதல் ஏவலிலேயே தோற்றதால் 2026க்குத் தள்ளினார்கள். மண் வந்து சேர 2031 ஆகும்.

கண்காட்சி நடத்துபவர்கள் யாராவது இதைப் படித்தால், நடுவர்களில் ஒரு இயற்பியல் ஆசிரியரையாவது போடுங்கள். பயணப்படிகூட வேண்டாம், நாங்களே பஸ் பிடித்து வருகிறோம்.