ஜப்பானில் இசைச் சுற்றுலா: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: ஓய்வுபெற்ற நாங்கள் நால்வர், வழிகாட்டியோடு போகும் பத்து நாள் ‘ஜப்பான் இசை, ஒபெரா சுற்றுலா’ பற்றி முகவர் ஒருவரிடம் விசாரித்தோம். விலை சொன்னார், ஹோட்டல் சொன்னார். வேறு என்ன கேட்க வேண்டும்?
(வாசகர், கோண்டாவில்)

பதில்: திகதி, மண்டபம், அன்றைக்கு என்ன நிகழ்ச்சி, எந்தத் தர ஆசனம். இந்த நான்கையும் எழுத்தில் வாங்குங்கள். ‘ஐந்து கச்சேரிகள் அடங்கும்’ என்று மட்டும் எழுதியிருந்தால் முற்பணம் கட்ட வேண்டாம்.

பாடியே கதை நடத்தும் மேல்நாட்டு இசை நாடகமான ஒபெரா என்றால் திகதி இன்னும் முக்கியம். டோக்கியோவில் ஹட்சுடாய் நிலையத்தை ஒட்டியிருக்கும் புதிய தேசிய அரங்கு 1997இல் திறந்தது. அதன் ஒபெரா மண்டபத்தில் 1,814 ஆசனங்கள். அங்கே ஒபெராப் பருவம் ஒக்ரோபரில் தொடங்கி ஜூலையோடு முடிந்துவிடும். ஒரு ஒபெராவை நாலைந்து தடவைதான் மேடையேற்றுவார்கள். பாடகரின் தொண்டைக்கு ஓய்வு வேண்டும் என்பதால் இடையில் இரண்டு மூன்று நாள் விடுவார்கள். ஆகவே பத்து நாளில் அங்கே ஒரு ஒபெரா அமைந்தாலே பெரிய காரியம். மூன்று என்று யாராவது சொன்னால் எந்தெந்த அரங்கு என்று கேளுங்கள்.

பிள்ளைகளின் விடுமுறையைப் பார்த்து ஓகஸ்டில் போகிறவர்களுக்கு வேறு வழி உண்டு. ஜூலைக் கடைசியிலிருந்து கவாசாகியின் மியூசா மண்டபத்தில் டோக்கியோ வட்டாரத்து வாத்தியக் குழுக்கள் வரிசையாக வாசிக்கும். ஓகஸ்ட், செப்டெம்பரில் மட்சுமோட்டோ நகரில் 1992இல் வாத்தியக் குழு நடத்துநர் செய்ஜி ஒசாவா தொடக்கிய இசை விழா நடக்கும். ஷின்ஜுகுவிலிருந்து நேர் ரயிலில் ஏறத்தாழ இரண்டே முக்கால் மணித்தியாலம். டிசெம்பரில் போனால் நாடு முழுவதும் பேத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனிதான். 1918 ஜூன் 1ஆம் திகதி பண்டோ முகாமில் இருந்த ஜெர்மன் போர்க்கைதிகள் அதை ஜப்பானில் முதன்முதலாக முழுமையாக வாசித்தார்கள். இன்று நல்லூர்த் திருவிழாவைப் போல அதற்கென்றே ஒரு காலம் வந்துவிட்டது. ரிக்கற்றும் முன்னரே முடிந்துவிடும்.

இன்னொன்று: உவேனோ ரயில் நிலையத்துக்கு எதிரே 1961இல் திறந்த டோக்கியோ புன்கா கைக்கான் மண்டபத்துக்கு 2026 மே முதல் நீண்ட திருத்த வேலை. உங்கள் துண்டுப்பிரசுரத்தில் அதற்குப் பிந்திய திகதியோடு அந்தப் பெயர் இருந்தால், அது பழைய பிரசுரத்தைப் பார்த்து அடித்தது.

கேள்வி: எஸ், ஏ, பி என்று ஆசனத் தரம் போட்டிருக்கிறது. பின்னால் பி என்று வேறொன்றும் வருகிறது. எதை எடுப்பது?
(வாசகி, மானிப்பாய்)

பதில்: குழப்பம் நியாயமானதுதான். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்று போலத் தெரியும். எஸ், ஏ, பி, சி, டி என்று இறங்குவது விலைத் தரம். நீங்கள் பின்னால் கண்டது டோக்கியோ சண்டரி மண்டபத்தில் மேடைக்குப் பின்பக்கம் இருக்கும் பகுதி. அதைக் குறிப்பது ஆங்கில அகரவரிசையில் ‘ஓ’வுக்கு அடுத்த எழுத்து.

1986இல் திறந்த அந்த மண்டபத்தில் 2,006 ஆசனங்கள் மேடையைச் சுற்றிப் படிப்படியாக எழும்பும். இந்த அமைப்பைத் திராட்சைத் தோட்ட வடிவம் என்பார்கள். கோண்டாவில் பக்கத்துப் பந்தல் திராட்சையை நினைக்க வேண்டாம், இது ஐரோப்பிய மலைச்சரிவில் படி வெட்டி நடுகிற தோட்டம். மேடைக்குப் பின்னால் இருந்தால் நடத்துநரின் முகமும் கையும் நேரே தெரியும், விலையும் குறைவு. ஆனால் தாளக் கருவிகள் காதடியில் இருக்கும். ஹோர்ன் கருவியின் வாய் பின்னோக்கித் திரும்பியிருப்பதால் அதன் ஒலி உங்கள் மேலேயே வந்து விழும். பாடகர் இருந்தால் அவர் முதுகைத்தான் பார்க்கலாம், குரலும் எதிர்ப்பக்கம் போய்விடும். வாத்தியம் மட்டும் என்றால் தாராளமாக எடுங்கள். பாட்டு உண்டென்றால் வேண்டாம்.

புதிய தேசிய அரங்கில் முதல்தர ஆசனம் 30,000 யென்னை ஒட்டி வரும். வெளிநாட்டு ஒபெராக் குழுக்கள் வந்து போடும் நாடகங்களுக்கு 50,000 யென்னையும் தாண்டும். எங்கள் யோசனை, சுற்றுலாக்காரர் எஸ் தரம் தந்தால் ஒபெராவுக்கு மட்டும் அதை வைத்துக்கொண்டு, வாத்தியக் கச்சேரிகளுக்கு ஏ அல்லது பி கேட்டு விலையைக் குறைப்பது. மேல்மாடியின் ஓர ஆசனங்களில் மேடையின் ஒரு பக்கம் மறையும் என்பதை மட்டும் கவனியுங்கள். ரிக்கற்றை வாங்கிய பின் பொதுவாகக் காசு திரும்பாது. கூடிய விலைக்கு மறுவிற்பனை செய்வதைத் தடுக்கும் சட்டம் 2019இலிருந்து இருக்கிறது, ஆகவே தெருவில் யாரிடமும் வாங்க வேண்டாம்.

கேள்வி: நாங்கள் கர்நாடக இசையும் இசை நாடகமும் கேட்டு வளர்ந்தவர்கள். ஒபெரா ஒட்டுமா?
(வாசகர், மருதனார்மடம்)

பதில்: நடிகமணி வைரமுத்துவின் மயான காண்டத்தில் ஊறினவர்களுக்குப் பாடியே கதை நடத்துவது புதிதாக இராது. ஆனால் எங்கள் மேடையில் ஆர்மோனியக்காரர் பாடகரின் பின்னால் போவார்; சபை உருகினால் பாடகர் அந்த வரியை நீட்டுவார். ஒபெராவில் எல்லாரும் நடத்துநரின் கோலுக்குக் கட்டுப்பட்டவர்கள். மேடைக்கு முன்னால் உள்ள பள்ளத்தில் அறுபது எழுபது பேர் வாசிக்க, ஒலிவாங்கி இல்லாமல் அதற்கு மேலால் குரல் வர வேண்டும்.

கஷ்டம் வேறு இடத்தில் வரும். தம்புரா இல்லை. எங்கள் காது ஆதார ஷட்ஜத்தைத் தேடும். அவர்களோ ஒரே பாட்டுக்குள் அந்த ஆதாரத்தையே இடம் மாற்றிக்கொண்டு போவார்கள். அரை மணித்தியாலத்தில் காரணம் தெரியாமலே களைப்பு வரும். மருந்து, போக முன்னர் அதே ஒபெராவை வீட்டில் மூன்று நான்கு தடவை கேட்பதுதான். வாத்தியக் கச்சேரிக்கு ஐந்து நிமிடம் முந்தியே அமர்ந்து சுருதி சேர்ப்பதையும் பாருங்கள்: ஓபோ என்ற குழல் வாத்தியம் ஒரு சுரத்தைப் பிடிக்கும், மற்றக் கருவிகள் கூட்டம் கூட்டமாக அதில் வந்து சேரும்.

முதல் தடவைக்குப் புச்சினியின் ‘மடாமா பட்டர்ஃபிளை’ நல்லது. 1904இல் அரங்கேறியது, கதை நடப்பது நாகசாகியில், இடைவேளையோடு மூன்று மணித்தியாலத்துக்குள் முடியும். வாக்னரில் தொடங்க வேண்டாம். அவருடைய ‘டிரிஸ்டான்’ இடைவேளைகளோடு ஐந்து மணித்தியாலத்தைத் தாண்டும். விடிய விடியக் கூத்துப் பார்த்தவர்கள் என்றாலும், அங்கே எழும்பிப் போய்த் தேத்தண்ணி குடிக்க முடியாது.

கேள்வி: மண்டபத்துக்குள் எப்படி நடந்துகொள்வது? ஐந்து வயதுப் பேரனும் வருகிறான்.
(வாசகி, சாவகச்சேரி)

பதில்: பேரனைப் பற்றி முதலில். பெரும்பாலான கச்சேரிகளில் பள்ளிக்கூடம் போகத் தொடங்காத பிள்ளைகளை உள்ளே விடமாட்டார்கள். ரிக்கற் இருந்தாலும் வாசலில் நிற்க வேண்டி வரும். ஆகவே அவனுடன் யார் வெளியே இருப்பது என்பதை இங்கேயே முடிவெடுங்கள்.

வார நாட்களில் பெரும்பாலும் மாலை 7 மணிக்கும், சனி, ஞாயிறில் பிற்பகல் 2 மணிக்கும் தொடங்கும். ஒரு நிமிடம் பிந்தினாலும் இடையில் ஒரு பகுதி முடியும்வரை வெளியேதான். சேலையில் போகலாம், ஆனால் கண்ணாடி வளையலைக் கழற்றி வையுங்கள். வாசலில் கட்டாக விளம்பரத் தாள் தருவார்கள். அதை மடியில் வைத்தால் கட்டாயம் சரசரக்கும், ஆசனத்துக்குக் கீழே வைத்துவிடுங்கள். மாடி ஆசனத்தில் முதுகைச் சாய்த்தே இருக்க வேண்டும். முன்னால் குனிந்தால் பின்வரிசைக்காரருக்கு மேடை மறையும், இதை அறிவிப்பிலேயே சொல்வார்கள்.

எங்களவர்கள் தடுமாறுவது தாளத்தில். தொடையில் தட்டுவதும் தலையாட்டுவதும் ‘ஆகா’ சொல்வதும் அங்கே தொந்தரவு. பகுதிக்குப் பகுதி கைதட்டுவதும் இல்லை. கடைசிச் சுரம் அடங்கி, நடத்துநர் கையைக் கீழே விடும்வரை மண்டபம் மூச்சுப் பிடித்திருக்கும். அதைக் குலைக்கிறவர் நீங்களாக இருக்கக்கூடாது.

கேள்வி: அம்மா மச்சம் தொடமாட்டார். சாப்பாடு?
(வாசகர், நல்லூர்)

பதில்: இறைச்சி, மீன் இல்லை என்று சொன்னால் போதாது. ஜப்பானியச் சாற்றுக்கு அடிப்படையான டாஷி பெரும்பாலும் கட்சுவோபுஷி என்ற காய்ந்த மீன் சீவலில் எடுப்பது. எங்கள் மாசிக் கருவாடு எந்த மீனோ, அதுவும் அந்த மீன்தான். நூடில்ஸ் சூப்பு, அவித்த மரக்கறி, தொட்டுக்கொள்ளும் சோஸ் எல்லாவற்றிலும் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும். ஆகவே வழிகாட்டியிடம் ‘டாஷியும் கூடாது’ என்று ஜப்பானிய மொழியில் ஒரு அட்டை எழுதி வாங்கிக் கடைதோறும் காட்டுங்கள். கோயில்களில் பரிமாறும் ஷோஜின் சமையல் சைவம். இரவுக் கச்சேரி முடிய ஒன்பதரை ஆகும், உணவுக்கடைகள் மூடத் தொடங்கும் நேரம். உமெபோஷி என்ற புளிப்பு ஊறுகாய்ப் பழம் வைத்த சோற்று உருண்டையை முன்னரே வாங்கிப் பையில் வைப்பது புத்தி.

கேள்வி: ஏழு நாள் ரயில் பாஸ் வாங்கலாமா? விசாவுக்கு எப்போது கொடுப்பது?
(வாசகர், பருத்தித்துறை)

பதில்: 2023 ஒக்ரோபரில் அந்தப் பாஸின் விலை 50,000 யென்னுக்கு ஏறியது. டோக்கியோ–ஒசாகா போய்வரத் தனி ரிக்கற் ஏறத்தாழ 29,000 யென்தான். அந்த ஒரு பயணத்துக்கு மட்டும் பாஸ் நட்டம். ஹிரோஷிமா, நாகசாகிவரை போனால் கணக்குப் பாருங்கள். பெட்டியின் நீளம், அகலம், உயரம் கூட்டி 160 செ.மீ.க்கு மேல் போனால் அந்த வழித்தட அதிவேக ரயிலில் பெட்டி வைக்கும் இடத்தோடு கூடிய ஆசனம் முன்பதிவு செய்ய வேண்டும்.

ஒரு தடவை நுழையும் விசா, தூதரகம் அதை வழங்கிய நாளிலிருந்து பொதுவாக 3 மாதத்துக்குச் செல்லும். ஆறு மாதம் முன்னரே கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. முதலில் கச்சேரித் திகதி, பிறகு ஆசனம், பிறகு விமானப் பதிவு, கடைசியாக விசா. மின்சாரம் அங்கே 100 வோல்ட், இரண்டு தட்டைக் கால் பிளக். எங்கள் சதுரக் கால் பிளக்குக்கு மாற்றி ஒன்றைக் கொழும்பிலேயே வாங்கிவிடுங்கள்.