ஊருக்குப் போகும் நாட்களில் மீன்தொட்டி வடிகட்டி

கேள்வி: எங்கள் வீட்டு இரண்டாம் கட்டில், மூன்றடி நீளக் கண்ணாடித் தொட்டியில் நான்கு தங்கமீன்களும் சில மோலி மீன்களும் வளர்க்கிறோம். காற்றுப் பம்பில் ஓடும் ஸ்பாஞ்சு வடிகட்டிகள் இரண்டு உள்ளன. சென்ற ஆண்டு ஒரு திருமணத்துக்காக ஆறு நாட்கள் வெளியூர் போகும்போது, வடிகட்டிகளைக் குழாய்த் தண்ணீரில் பளிச்செனக் கழுவி மாட்டிவிட்டு, தீவன டப்பாவை எதிர்வீட்டு ஆச்சியிடம் கொடுத்துச் சென்றோம். திரும்பி வந்தபோது நீர் பால்போலக் கலங்கியிருந்தது. இரண்டு தங்கமீன்கள் இறந்து கிடந்தன. இந்தத் தைப்பூசத்துக்குப் பழனிக்குப் பாதயாத்திரை போகிறோம். வீடு திரும்பப் பத்து நாட்கள் ஆகும். தீவனம் போடாவிட்டால் வடிகட்டியில் உள்ள நுண்ணுயிர்களும் செத்துவிடும் என்கிறார்கள். என்ன செய்யலாம்?
- ஒரு வாசகர், கானாடுகாத்தான்

பதில்: மீன்கள் இறந்ததற்குப் பட்டினி காரணமாக இருக்க முடியாது, நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், அந்த ஸ்பாஞ்சைக் கழுவியதுதான் முதற் காரணம் என்று எண்ணுகிறேன். மீன்களின் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீவனத்திலிருந்தும் உண்டாகும் அம்மோனியா, மீனின் செவுள்களை அரிக்கும் நஞ்சு. ஸ்பாஞ்சின் துளைகளில் ஒட்டி வாழும் நைட்ரோசோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும், நைட்ரோஸ்பைரா போன்றவை அந்த நைட்ரைட்டை, மீன்களை அவ்வளவாகப் பாதிக்காத நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. புதிய தொட்டியில் இக்கூட்டம் நிலைகொள்ள நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். பிளீச்சிங் பவுடர் கலந்த குழாய்த் தண்ணீரோ அதைச் சில நிமிடங்களில் அழித்துவிடக்கூடும். அழுக்கு என்று நாம் பிழிந்து எறியும் பழுப்பு நிறப் படிவில்தான் தொட்டியின் உயிர் இருக்கிறது என்பதை வீட்டிலுள்ள எல்லோருக்கும் தயவுசெய்து சொல்லிவையுங்கள்.

ஆகவே, இம்முறை புறப்படுவதற்கு இரண்டு வாரங்களுக்கு முன்பே ஒரு ஸ்பாஞ்சை மட்டும், தொட்டியிலிருந்து வாளியில் எடுத்த நீரிலேயே மெல்லப் பிழிந்து மாட்டுங்கள். மற்றதைத் தொட வேண்டாம். அந்த இரண்டு வாரங்களில் புதிய மீன் எதையும் வாங்கி விடாதீர்கள். கிளம்புவதற்கு இரண்டு நாட்களுக்கு முன் அடிமண்ணில் தங்கிய கழிவைக் குழாயால் உறிஞ்சி எடுத்து, கால் பங்கு நீரை மாற்றினால் போதும். மாற்றும் நீரில், குழாய்த் தண்ணீரின் குளோரினை முறிக்கும் ஆன்டி குளோரின் மருந்தைச் சேர்க்க மறவாதீர்கள்.

தீவனம் இல்லாவிட்டால் நுண்ணுயிர்கள் சாகும் என்ற அச்சம் தேவையற்றது. மீன் உண்ணாத நாளிலும் அதன் செவுள்கள் வழியே அம்மோனியா வெளியேறிக்கொண்டே இருக்கும். அதைக் கொண்டு பாக்டீரியாக் கூட்டம் சற்றுச் சுருங்கினாலும் பிழைத்துக்கொள்ளும். நன்கு வளர்ந்த, நோயற்ற மீன்களும் ஒரு வாரம் முதல் பத்து நாட்கள் வரை உணவின்றித் தாங்கும். குஞ்சுகள் மட்டுமே தாங்கா. மனம் கேட்கவில்லை என்றால், ஒரு சிட்டிகைத் தீவனத்தைத் தாளில் மடித்து இரண்டு பொட்டலங்களாக்கி, போட வேண்டிய தேதியை மேலே எழுதி ஆச்சியிடம் கொடுங்கள், டப்பாவைக் கொடுக்காதீர்கள். அவர் அன்பு மிகுதியால் அள்ளிப் போடும் உணவு அழுகித்தான் நீர் பால்போலக் கலங்கும். இறந்த மீன் ஏதேனும் தென்பட்டால் உடனே வலையால் எடுத்துவிடுமாறும் சொல்லுங்கள்.

உண்மையில் நான் அஞ்சுவது மின்தடைக்குத்தான். இந்தப் பாக்டீரியாக்களுக்கு ஆக்சிஜன் இன்றியமையாதது. நம் பகுதியில் மாதாந்திரப் பராமரிப்புக்காகப் பகல் முழுவதும் மின்சாரம் நிறுத்தப்படும் நாட்களில், காற்றுப் பம்பு நின்றால் மீன்களும் நுண்ணுயிர்களும் ஒருசேரத் திணறும். மூடிய பெட்டிக்குள் இயங்கும் வடிகட்டியாக இருந்தால், உள்ளே தேங்கிய நீரில் சில மணி நேரத்திலேயே ஆக்சிஜன் தீர்ந்து, மின்சாரம் திரும்பியதும் அந்தக் கெட்ட நீர் தொட்டிக்குள் பாயும்; உங்களுடையது திறந்த ஸ்பாஞ்சு என்பதால் அந்த ஆபத்து குறைவு. காற்றுப் பம்புக்குச் சில வாட் மின்சாரமே போதுமாதலால், அதை இன்வெர்ட்டர் இணைப்பில் மாட்டுங்கள். பேட்டரியில் டிஸ்டில்டு வாட்டர் அளவையும் பார்த்துவிடுங்கள். இன்வெர்ட்டர் இல்லாதவர்கள், மின்சாரம் நின்றதும் தானே ஓடத் தொடங்கும் பேட்டரிப் பம்பை வாங்கலாம். ஊருக்குப் போகையில் மெயின் சுவிட்சை அணைத்துவிடும் வழக்கம் நம் வீடுகளில் உண்டல்லவா? மீன்தொட்டி உள்ள வீட்டில் அது கூடாது. பம்பு நிற்கும்போது தொட்டி நீர் குழாய் வழியே பின்னோக்கி வழியாமலிருக்க, பம்பை நீர்மட்டத்துக்கு மேலே வையுங்கள்.

பத்து நாட்களில் நீர் ஆவியாகி மட்டம் இறங்கும் என்பதால், தொட்டியை நிறைய நிரப்பி, காற்றுக்குச் சிறு இடைவெளி விட்டு மேலே கண்ணாடி மூடியை வையுங்கள்.

திரும்பி வந்த மகிழ்ச்சியில் முதல் நாளே நிறையத் தீவனம் போட்டுவிடாதீர்கள். குறைந்த கழிவுக்குப் பழகிப்போன பாக்டீரியாக் கூட்டம் மீண்டும் பெருகச் சில நாட்கள் பிடிக்கும். பாதியளவில் தொடங்கி, சோதனைத் துளி மருந்தில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் இல்லை என்று தெரிந்தபின், ஒரு வாரத்தில் வழக்கமான அளவுக்குக் கொண்டுவாருங்கள்.